கதையின் குரலுக்கு நடிகரின் பயிற்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதையும் நாவலும் எழுதுகிறவர்கள் நடிகர்களின் பயிற்சிகளைத் தங்கள் எழுத்து மேசைக்குக் கொண்டுவரும்போது எழுகிற கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நாடகம் எழுதுவது எப்படி என்பதைப் பற்றியதல்ல இந்தப் பக்கம். தாளில் மட்டுமே வாழப்போகிற ஓர் ஆளைப் பேச வைப்பது எப்படி என்பதே இதன் பொருள்.

எழுத்தில் 'குரல்' என்று எதைச் சொல்கிறோம்? அதற்கும் நடிப்புக்கும் என்ன தொடர்பு?

ஒரு பத்தியைப் படிக்கும்போது, பெயரும் ஊரும் சொல்லப்படாமலேயே, பேசுகிறவர் இப்படிப்பட்ட ஆள் என்று நமக்குப் பிடிபட்டுவிட்டால் அந்தப் பத்திக்குக் குரல் இருக்கிறது. எந்தச் சொல்லை எடுக்கிறார், வாக்கியத்தை எங்கே முடிக்கிறார், அறைக்குள் நுழைந்ததும் எதை முதலில் பார்க்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்பவையெல்லாம் சேர்ந்து உண்டாவது அது. பலர் இதை நடையழகு என்று நினைத்துக்கொண்டு அடைமொழிகளையும் உவமைகளையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதனால் எழுத்தாளரின் முகம் தெரியுமே தவிர, கதையில் பேசுகிறவரின் முகம் தெரியாது.

நடிகருக்கு அந்த வசதி கிடையாது. அவர் பேச வேண்டிய வசனத்தை வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு சொல்லைக்கூட அலங்கரிக்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே, 'இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் எதிரில் நிற்பவரிடமிருந்து என்ன வேண்டும்?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உள்ளே போக முடிகிறது. எழுதுகிறவர் அதே கேள்வியோடு உள்ளே போனால் சொற்கள் தாமாகவே மாறுகின்றன என்பது இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு.

நான் மேடை ஏறியதே இல்லை. கூச்ச சுபாவம் வேறு. எனக்கு இது சரிப்படுமா?

தாராளமாகச் சரிப்படும். இங்கே சொல்லப்படும் பயிற்சிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்யலாம். நன்றாக நடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. நடிகர் ஒத்திகையில் செய்கிற வேலைதான் நமக்குத் தேவை. அரங்கேற்றத்தை நம் சார்பில் தாள் செய்துகொள்ளும்.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தவை?

பெரும்பாலானவற்றுக்கு வேர் ரஷ்யாவில் இருக்கிறது. கான்ஸ்டன்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938), நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து 1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினார். நடிகர் உணர்ச்சியை வெளியிலிருந்து பூசிக்கொள்ளாமல், பாத்திரம் நிற்கிற சூழலுக்குள் தன்னை வைத்துப் பார்த்து, 'நான் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முறையின் அடிப்படை. 'தரப்பட்ட சூழல்' என்று அவர் பயன்படுத்திய தொடரைக் கவிஞர் புஷ்கினிடமிருந்தே எடுத்துக்கொண்டார். எழுத்தாளரிடமிருந்து மேடைக்குப் போன கருவியை நாம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொல்லலாம்.

அவரிடம் பயின்ற மைக்கேல் செக்காவ், அவருடைய கருத்துகளை அமெரிக்காவில் வெவ்வேறு திசைகளில் இழுத்துச் சென்ற லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா ஆட்லர், சான்ஃபோர்ட் மைஸ்னர், இவற்றுக்கெல்லாம் மாற்றாக நின்ற ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் ஆகியோரிடமிருந்தும் எழுத்துக்கு உதவுகிறவை கிடைக்கின்றன. தமிழிலும் இந்தப் போக்குவரத்து புதிதல்ல. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்ட பிறகே நாடகத்துக்கு வந்தவர்.

முதலில் எந்தப் பயிற்சியோடு தொடங்குவது?

தரப்பட்ட சூழலோடு தொடங்குங்கள். காட்சியை எழுதும் முன் ஐந்து கேள்விகளுக்குத் தனித்தாளில், பாத்திரத்தின் வாயால், 'நான்' என்று பதில் எழுத வேண்டும். நான் எங்கிருந்து வருகிறேன்? இது என்ன நேரம், என்ன இடம், வெயிலா மழையா? எனக்கு இவரிடமிருந்து என்ன வேண்டும்? அது கிடைக்காமல் எது தடுக்கிறது? அதைப் பெற இப்போது என்ன செய்கிறேன்?

ஓர் எடுத்துக்காட்டு. ராஜாத்தி என்ற அக்காள், தன் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துக்கொள்ளத் தங்கை வசந்தாவிடம் கொடுத்திருக்கிறாள். அதைத் திருப்பிக் கேட்பதற்காக வந்திருக்கிறாள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"ராஜாத்திக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. சங்கிலியைத் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தங்கை மறந்தே போய்விட்டாளோ என்று உள்ளுக்குள் கோபம் பொங்கியது."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் சங்கடமும் கோபமும் யாருடையவை என்று தெரியவில்லை. எந்த அக்காளுக்கும் இதைப் பொருத்திவிடலாம். இப்போது ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பார்ப்போம். மணப்பாறையிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உறையூரில் தங்கை வீடு. மத்தியானம் மூன்று மணி, புழுக்கம். பேத்தியின் காதுகுத்துக்கு முன் என் சங்கிலி வேண்டும். தங்கை கணவருக்கு இந்த அடகு விவகாரம் தெரியாது. அவர் உள்ளறையில் இருக்கிறார். ஆகவே நேரடியாகக் கேட்க முடியாது. வீட்டில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடைசிப் பதில்தான் காட்சியைத் திறக்கிறது:

"மிக்ஸி புதுசா வசந்தா?" என்றாள் ராஜாத்தி.

"போன தீவாளிக்கு வாங்குனதுக்கா."

"சத்தமே இல்ல. எங்க வீட்டுல இருக்கறது தெருவையே எழுப்பும்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "அடுத்த மாசம் மலருக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டுலேர்ந்து எல்லாரும் வருவாங்க. வெறுங்கழுத்தோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

உள்ளறையில் டிவியின் சத்தம் குறைந்தது.

"காபி ஆறுதுக்கா" என்றாள் வசந்தா.

'சங்கிலி', 'அடகு', 'கோபம்' ஆகிய மூன்று சொற்களும் இதில் இல்லை. இருந்தும் அக்காள் என்ன கேட்கிறாள் என்பதும், தங்கைக்கு அது புரிந்துவிட்டது என்பதும், உள்ளே இருப்பவர் காது கொடுத்துவிட்டார் என்பதும் வாசகருக்கு எட்டுகின்றன. இந்த மூன்றில் கடைசியானது முதல் வரைவில் நான் நினைத்தே பார்க்காதது. தடை எது என்ற கேள்விக்குப் பதில் எழுதியதால் வந்தது.

நடிகர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வினைச்சொல் எழுதிக்கொள்வார்களாமே? அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஆம். ஒரு வசனத்தால் பாத்திரம் எதிராளியை என்ன செய்கிறது என்பதைச் செயப்படுபொருள் ஏற்கும் ஒரே வினையால் குறித்துக்கொள்ளும் வழக்கம் இது. 'சோகமாகச் சொல்கிறாள்' என்று எழுதிக்கொண்டால் நடிகரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'அவனைக் கெஞ்சுகிறாள்', 'அவனைச் சீண்டுகிறாள்' என்றால் உடனே செய்ய முடியும்.

மேலே உள்ள காட்சியில் ராஜாத்தியின் முதல் வசனத்துக்கு 'துழாவுகிறாள்' என்று எழுதலாம். இரண்டாவதன் தொடக்கத்துக்கு 'இடித்துக்காட்டுகிறாள்', முடிவுக்கு 'நெருக்குகிறாள்'. வசந்தாவின் கடைசி வசனத்துக்கு 'வாயை அடைக்கிறாள்'. காபி ஆறுகிறது என்பது சாதாரணத் தகவல். அந்த வினையோடு சேர்ந்தால்தான் அது வசனம். இதற்குத் தமிழில் கையிருப்பு தாராளம்: மழுப்புதல், தட்டிக்கழித்தல், குத்திக்காட்டுதல், தாஜா செய்தல், ஆழம் பார்த்தல், சமாதானப்படுத்துதல், ஓரங்கட்டுதல், வாயைக் கிளறுதல், தாங்கிப் பேசுதல். அன்றாடப் பேச்சில் நாம் மனிதர்களைப் பற்றிப் புறம்பேசும்போது இவற்றை எவ்வளவு துல்லியமாகக் கையாள்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள்; கதை எழுத உட்கார்ந்ததும் இவை எல்லாம் மறந்துபோய் 'கூறினான்', 'வினவினாள்' என்று ஆகிவிடுகிறது.

வரைவை முடித்த பிறகு, வசனங்களின் ஓரத்தில் பென்சிலால் இந்த வினைகளை எழுதிப் பாருங்கள். ஒரே வினை நான்கு வசனங்களுக்குத் தொடர்ந்து வந்தால் காட்சி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். எந்த வினையும் பொருந்தாத வசனம், வாசகருக்குத் தகவல் சொல்வதற்காக எழுத்தாளர் நுழைத்தது. பெரும்பாலும் அதை எடுத்துவிடலாம்.

மேலைநாட்டு முறைகளை விட்டால் நம்மிடம் இதற்கு வழி எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் எழுதுகிறவருக்கென்றே இருக்கிறது. சங்க அகப்பாடல்கள் அனைத்தும் யாரோ ஒருவரின் பேச்சாகவே அமைந்தவை. தலைவி, தோழி, செவிலி, தலைவன், பரத்தை, கண்டோர் என்று பேசுகிறவர் எப்போதும் ஒரு பாத்திரமே. கவிஞர் தன் வாயால் பேசுவதில்லை. இன்னார், இன்னாருக்கு, இன்ன வேளையில் சொன்னது என்று பாடலின் அடியில் வருகிற உரைநடைக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். தரப்பட்ட சூழல் என்று மேலே சொன்னதன் சுருக்கம் அதில் இருக்கும். அகத்திணையில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயரால் அடையாளம் காட்ட வழியில்லாத நிலையில், பேசும் விதத்தால் மட்டுமே ஆளைக் காட்டியாக வேண்டும். இதைவிடக் கடுமையான குரல் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. உங்கள் கதையில் பெயர்களையும் 'என்றான்', 'என்றாள்' ஆகியவற்றையும் நீக்கிவிட்டு, யார் பேசுகிறார் என்று நண்பரால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நேரடியாக உதவும். மனத்தில் நிகழ்வது உடலில் தோன்றும் விதத்தைப் பேசுகிற பகுதி அது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் வகுக்கிறது. ஆக 32 வாசல்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவை காரணங்கள். பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, இழந்ததால் வரும் அழுகை, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை என்று விரித்துக்கொள்ளலாம். நம் கதைகளில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி அழுகின்றன. 'கண்கள் குளமாயின' என்று எழுதி நகர்ந்துவிடுகிறோம். இகழப்பட்டவர் அழும்போது முகத்தை மறைப்பார், பேச்சை வேறு பக்கம் திருப்புவார். இழந்தவர் இழந்த பொருளின் அடையாளங்களையே திரும்பத் திரும்பச் சொல்வார். நிலை தாழ்ந்தவர் பழைய நாட்களின் கணக்கை எடுப்பார்: அப்போது எங்கள் வீட்டுப் பந்தியில் எத்தனை இலை விழும் தெரியுமா என்பார். இல்லாதவருக்கு அழ நேரமே இருக்காது. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற பேச்சுக்கு நடுவில் கண்ணீர் தானாக வந்து போகும். இந்த நான்கு பேரின் வாக்கிய அமைப்பும் வேறு வேறு. காரணத்தைச் சரியாகத் தேர்ந்தால் குரலில் பாதி வந்துவிட்டது. (இந்த விரிவு என்னுடையது, உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கத்தைத் தனியே படித்துக்கொள்ள வேண்டும்.)

வெகுளிக்கும் இப்படியே. உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (சார்ந்தவர்களுக்குத் தீங்கு செய்தல்), அலை (வைதலும் அடித்தலும்), கொலை என்கிறார் தொல்காப்பியர். தன்னைச் சார்ந்தவர்களுக்குத் தீங்கு செய்ததால் வரும் கோபமும், வைததாலும் அடித்ததாலும் வரும் கோபமும் ஒரே தொனியில் பேசுமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம்.

வட்டார வழக்கில் எழுதிவிட்டால் குரல் வந்துவிடும் அல்லவா?

வராது. வட்டார வழக்கு பாத்திரம் எந்த ஊர் என்று சொல்லும். அந்த ஊரில் அது எந்த ஆள் என்று சொல்லாது. ஒரே தெருவில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் ஒரே வழக்கைத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் வாயைத் திறந்தால் சண்டை வருகிறது, மற்றவர் பேசினால் காரியம் நடக்கிறது. நடிகர் உச்சரிப்பைக் கடைசியில் சேர்த்துக்கொள்வது நல்லது என்று பல பயிற்றுநர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்: முதலிலேயே உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டால் பாவனை மட்டும் மிஞ்சும்.

முதல் வரைவைப் பொது வழக்கிலேயே எழுதி, பாத்திரத்தின் தேவை தெளிவான பிறகு வழக்கைச் சேர்க்கலாம். உங்களுக்குக் காதில் விழுந்து பழகாத வழக்கைச் சினிமாவிலிருந்து எடுக்க வேண்டாம். குறிப்பாக, உங்கள் சாதி அல்லாத, உங்கள் ஊர் அல்லாத மக்களின் பேச்சைச் சத்தத்தை மட்டும் வைத்து எழுதினால், நீங்கள் நினைக்காவிட்டாலும் அது கேலியாகத்தான் போய் முடியும்.

உணர்ச்சிக்காக என் சொந்தத் துயரங்களைத் தோண்ட வேண்டுமா?

கட்டாயமில்லை, பல நேரங்களில் நல்லதுமில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தொடக்கத்தில் உணர்ச்சி நினைவுக்கு முக்கிய இடம் கொடுத்தார்: பாத்திரத்தின் நிலைக்கு ஒத்த தன் அனுபவத்தை நடிகர் நினைவுகூர்ந்து அதன் உணர்ச்சியை வரவழைப்பது. நியூயார்க்கில் 1931இல் தொடங்கப்பட்ட குரூப் தியேட்டரில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதையே மையமாக்கினார். அதே குழுவிலிருந்த ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துப் பல வாரங்கள் அவரிடம் பயின்றார். திரும்பி வந்து, சூழலும் கற்பனையும் செயலுமே முதன்மை என்று வாதிட்டார். அந்தப் பிளவு அமெரிக்க நடிப்புக் கல்வியில் நெடுங்காலம் நீடித்தது.

எழுத்தைப் பொறுத்தவரை நான் ஆட்லர் பக்கம். சொந்தத் துயரத்தை அப்படியே பாத்திரத்தின் மேல் ஏற்றினால், எழுபது வயதுத் தறிக்காரரும் உங்களைப் போலவே துக்கப்படுவார். ஆனால் புலன் நினைவு வேறு விஷயம். துக்கத்தை விட்டுவிட்டு, அந்த நாளில் கைக்குக் கிடைத்த பொருள்களை நினைவுகூரலாம்: மருத்துவமனை நாற்காலியின் வழவழப்பு, பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபியின் வாடை, யாருடையதோ ஒரு செல்போன் நிற்காமல் அடித்தது. இவற்றைப் பாத்திரத்துக்குக் கடன் கொடுக்கலாம். உணர்ச்சியைப் பாத்திரமே பார்த்துக்கொள்ளும். எழுதும்போது மனம் தாங்காமல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

உடலை அசைத்துப் பார்ப்பதால் உண்மையிலேயே வாக்கியம் மாறுமா?

மாறும். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதும் விதத்தை அவருடைய மகள் மேமி பதிவு செய்திருக்கிறார். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த நாட்களில் தந்தையின் படிப்பறையில் சோபாவில் படுத்திருந்திருக்கிறார். வேகமாக எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்து கண்ணாடி முன் ஓடி முகத்தைப் பலவிதமாகக் கோணிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து எழுதி, மறுபடியும் கண்ணாடியிடம் போய், தாழ்ந்த குரலில் விறுவிறுவென்று பேசிக்கொண்டாராம். மகள் அங்கே இருப்பதே அவருக்கு நினைவில்லை. இளமையில் நடிகராக விரும்பியவர் அவர். 1858 முதல் தன் கதைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையில் வாசித்தும் காட்டினார்.

மைக்கேல் செக்காவ் இதை ஒரு முறையாக்கினார். பாத்திரத்தின் அடிப்படை விருப்பத்தை முழு உடலாலும் செய்கிற ஒரே சைகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் அதைச் செய்து பழகிவிட்டு, மேடையில் அதை மறைத்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டு கைகளாலும் எதையோ மார்போடு இழுத்து அணைத்துக்கொள்ளும் சைகையைச் சில தடவை செய்துவிட்டு உட்கார்ந்து, அந்தப் பாத்திரம் பேசும் பத்தியை எழுதுங்கள். பிறகு, எதிரில் இருப்பதைத் தள்ளிவிடும் சைகையைச் செய்துவிட்டு அதே பத்தியை மீண்டும் எழுதுங்கள். முதலாவதில் 'என்', 'எங்கள்' என்ற சொற்கள் பெருகுவதையும் வாக்கியங்கள் முடிய மறுப்பதையும், இரண்டாவதில் வாக்கியங்கள் வெட்டுப்படுவதையும் பெரும்பாலோர் காண்கிறார்கள். மூச்சும் அப்படியே. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குகிற நிலையில் வாய்விட்டுப் பேசிப் பார்த்தால், அந்த ஆள் 'ஆகையினால்' என்று ஒருபோதும் சொல்லமாட்டார் என்பது விளங்கிவிடும்.

படர்க்கையில் எழுதும்போது இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? கதைசொல்லி ஒரு பாத்திரம் இல்லையே?

பாத்திரம்தான். 'அவன்', 'அவள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தேவை உண்டு. நியாயம் பேச வந்திருக்கிறாரா, வம்பு பேச வந்திருக்கிறாரா, யாரையோ காப்பாற்றுவதற்காகச் சிலவற்றை மறைக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெருக்கூத்தின் கட்டியங்காரனை எண்ணிப் பாருங்கள். திரைக்குப் பின்னாலிருந்து அரசன் தன் பெருமையைப் பாடிக்கொண்டு வருவான். கட்டியங்காரன் அவனை வரவேற்பான், குறுக்குக் கேள்வி கேட்பான், பார்ப்பவர்கள் பக்கம் திரும்பி நக்கலடிப்பான், கதை எங்கே நிற்கிறது என்றும் சொல்வான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்கிறவன் அவன். உங்கள் படர்க்கைக் கதைசொல்லி பாத்திரத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார், எப்போது வாசகர் பக்கம் திரும்புகிறார் என்பதை முடிவு செய்ய அவனைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

பிரெக்ட் நடிகர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஒத்திகையில் தங்கள் வசனத்தைப் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் மாற்றிச் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளையும் சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டும். நடிகர் பாத்திரத்தில் கரைந்துவிடாமல், அதைக் காட்டுகிறவராக நிற்பதற்காக அது. நாம் அதைத் தலைகீழாகச் செய்யலாம்: படர்க்கையில் எழுதிய பத்தியைத் தன்மைக்கு மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. 'நான் ஒரு கணம் செய்வதறியாது திகைத்தேன்' என்று யாராவது தன்னைப் பற்றிச் சொல்வார்களா? சொல்லமாட்டார்கள் என்றால், படர்க்கையிலும் அந்த வாக்கியத்தைப் பாத்திரம் வாழவில்லை, எழுத்தாளர் மேலிருந்து அறிக்கை விட்டிருக்கிறார். தன்மையில் உயிர் வந்த பிறகு மீண்டும் படர்க்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குழுவாகச் சேர்ந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நாற்காலிப் பயிற்சி நல்ல பலன் தருகிறது. எழுத்தாளர் தன் பாத்திரமாக நடுவில் உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அவர் 'நான்' என்றே பதில் சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று சொல்லலாம், பொய் சொல்லலாம், கோபித்துக்கொண்டு எழுந்தும் போகலாம். ஆனால் 'அந்தப் பாத்திரம் எப்படிப்பட்டதென்றால்' என்று விளக்கவுரை ஆற்றக்கூடாது. வாழ்க்கை வரலாறு கேட்கும் கேள்விகளால் பெரிய பயன் இல்லை. 'உங்கள் அண்ணி உங்களைப் பற்றி வெளியில் என்ன சொல்கிறார்?', 'வீட்டில் கடைசியாக எதற்குச் சண்டை வந்தது?' போன்றவைதான் பேச்சைக் கிளப்பும். ஒருவர் பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பில் எழுத்தாளர் மேசையில் ஒருபோதும் எழுதியிராத இரண்டு மூன்று வாக்கியங்கள் இருக்கும்.

மைஸ்னரின் திரும்பச் சொல்லும் பயிற்சியும் உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் கண்ட ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்வார். தன் அடுத்த வசனத்தை யோசித்துக்கொண்டிராமல் எதிராளியைக் கேட்கப் பழக்குவதே அதன் நோக்கம். உரையாடல் எழுதுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு முறை செய்தாலே போதும்.

எனக்கு அருவருப்பூட்டும் ஒரு பாத்திரத்தின் குரலில் எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

நடிகர் தன் பாத்திரத்துக்கு மேடையில் தீர்ப்பு வழங்குவதில்லை. வட்டிக்காரர் தன்னை அநியாயக்காரர் என்று நினைப்பதில்லை. சொன்ன தேதியில் பணம் தராதவர்களால் தான் ஏமாற்றப்படுவதாகவே நினைக்கிறார். அவருடைய நியாயத்தை, அவரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு உறுதியாக ஒரு பக்கம் எழுதுங்கள். வாசகர் அதை நம்பப்போவதில்லை, ஆனால் அதற்குள் அவருக்குப் புழுக்கம் வந்துவிடும். கெட்டவரைக் கெட்ட வாக்கியங்களால் எழுதுவது எளிது. படிக்கிறவருக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அது முடிந்துபோகும்.

உரக்கப் படித்துப் பார்ப்பது எந்தக் கட்டத்தில்?

வரைவு ஒரு நாள் ஆறிய பிறகு, செல்போனில் பதிவு செய்துகொண்டு படியுங்கள். மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும். நாக்கு தடுக்கிய இடம். மூச்சு போதாமல் போன இடம். உங்களையறியாமல் எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு வேறு மாதிரி சொல்லிவிட்ட இடம். இந்த மூன்றாவதைக் கவனமாகப் பாருங்கள், வாய் திருத்தியது பெரும்பாலும் சரியாக இருக்கும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. விவரிப்பு எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் ஓடுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் குரல் உடைந்து இரண்டு ஆட்கள் பேசுவதுபோல் கேட்கலாம். உரையாடலுக்கு முன்னும் பின்னும் வரும் ஓரிரு வாக்கியங்களைக் கொஞ்சம் எளிமையாக்கினால் அந்த உடைவு தணியும்.

இப்படி எழுதிச் சேர்த்த குறிப்புகளில் எவ்வளவு கதைக்குள் வரலாம்?

மிகக் குறைவு. ராஜாத்தி பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள் என்பது மேலே உள்ள காட்சியில் ஒரு வாக்கியமாகக்கூட இல்லை. கழுத்தைத் துடைப்பதில் மட்டும் அது இருக்கிறது. உழைத்துத் தயாரித்த சூழலையெல்லாம் வாசகருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இந்தப் பயிற்சிகளைச் செய்கிறவர்களுக்கு வரும் வழக்கமான நோய். நடிகரைத் தடுக்க இயக்குநர் இருக்கிறார். எழுதுகிறவர் இரண்டு வேலையையும் தானே பார்க்க வேண்டும். மேலும், காட்சிகளை எந்த வரிசையில் அடுக்குவது, கதையை எங்கே முடிப்பது, எதை எழுதாமலேயே விடுவது என்பவற்றுக்கு நடிப்பிடம் பதில் இல்லை. அவற்றுக்கு நல்ல கதைகளைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.